பதினான்காம் எண் வீடு

அத்தியாயம் 7

இருபத்திரண்டு வீடுகளில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. இருபத்து மூன்றாவது வீட்டைத்தான் காணவில்லை.

"நல்லாப் பாரு," என்றேன். "பன்னிரண்டு இங்கே இருக்கு. பதினாறு அங்கே இருக்கு. நடுவில பதினாலு எங்கே போச்சு?"

"இருக்கே அத்தான்," என்றான் மச்சினன். "என்ன, கதவைத் தட்டினா வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்குவாரு. அப்புறம் விடமாட்டாரு."

அவன் காட்டிய இடத்தில், கம்பிவேலிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டு நின்றது. வேலியில் மண்டை ஓடு வரைந்த தகரப் பலகை ஒன்று தொங்கியது.

மணி பதினொன்றே முக்கால். நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் என் அண்ணன் மகள் பொய் சொல்லவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றோடு அவள் படிப்பு முடிந்தது.

அவள் நச்சியலும் சுற்றுச்சூழல் சுகாதாரமும் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தத் தெருமுனையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை இருக்கிறது. தெருக்காரர்கள் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அந்த ஈயம் கலக்கிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. வீட்டுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தாள். ஒன்றை அளந்தாள். மற்றொன்று, பின்னால் சந்தேகம் வந்தால் திரும்ப அளப்பதற்காக, துறையின் குளிர் அறையில் பூட்டி வைக்கப்பட்டது.

அளந்ததில் அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஈயம் இருந்தது. சந்தேகமும் வந்தது. துறையின் பொறுப்புத் தலைவர் குளிர் அறைப் பாட்டில்களை வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். இருபத்து மூன்று பாட்டில்களும் சுத்தம். அப்படியானால் முதல் பாட்டில்களில் ஈயத்தைக் கலந்தது அந்தப் பெண்தான் என்று நோட்டீஸ் வந்தது. அவள் அந்தத் தெருவுக்கே போகவில்லை என்றுகூட அதில் ஒரு வரி இருந்தது. அதைப் பொய்யாக்கத்தான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்யர்களைப் பிடித்தவன் நான். என் குடும்பத்துக்குள் ஒரு பொய் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அண்ணன் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டாம் எண் வீட்டுத் தையல்கார அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தார்.

"உங்க பொண்ணு பொய் சொல்றவ இல்ல சார். விடியறதுக்கு முன்னாடி வந்து நிப்பா. ராத்திரியெல்லாம் குழாயில நின்ன தண்ணிதான் வேணும், யாரும் தொறந்துடாதீங்கன்னு கெஞ்சுவா. மூணு நாள் வந்தா."

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்." அவர் தயங்கினார். "சார், ஒண்ணு கேக்கணும். முதல்ல ஈயம்னாங்க. இப்ப சுத்தம்ங்கிறாங்க. என் பேத்திக்கு ஓயாம வயித்துவலி. இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா, வேண்டாமா?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா," என்றேன்.

நோட்டீஸோடு வந்த, வெளியூர் ஆய்வுக்கூட அளவுகள் அடங்கிய பட்டியலை மறுபடி பார்த்தேன். இருபத்து மூன்று வரிகள். அதில் தெளிவாக ஒரு வரி: கதவு எண் 14. இல்லாத வீட்டிலிருந்து தண்ணீர் எப்படி வரும்? உட்கார்ந்த இடத்தில் எழுதினால்தான் வரும். ஆயிரம் போலி கிளெய்ம்களை நான் இப்படித்தான் பிடித்திருக்கிறேன். இல்லாத கடை, இல்லாத கிடங்கு, இல்லாத வீடு.

பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினேன்.

மச்சினன் பார்த்துக்கொண்டே இருந்தான். "அது சாட்சியா அத்தான், சமாதியா?"

"வண்டியை எடு."

பட்டறை வாசலைத் தாண்டும்போது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் கேட்டில் மாட்டியிருந்தது. 'இவ்வளாகத்தால் நிலத்தடி நீருக்குத் தீங்கு இல்லை.' கீழே கையெழுத்து, முத்திரை.

"பட்டறைக்கே நன்னடத்தைச் சான்றிதழ்," என்றான் மச்சினன். "எனக்கு ஸ்கூல்லகூட குடுக்கல."

*

அண்ணன் மகள் கல்லூரி கேன்டீனில் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தடித்த கோப்பும் குடிக்காத டீயும் இருந்தன. நாள் முழுவதும் கையுறை மாட்டி, பாட்டில்களை ஆசிட்டில் அலசி அலசி, அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"பதினாலாம் நம்பர் வீடு எது?" என்றேன்.

டீயை எடுத்த கை அப்படியே கீழே இறங்கியது.

"போய்ப் பாத்தீங்களா சித்தப்பா?"

"பார்த்தோம்," என்றான் மச்சினன். "அந்த வீட்ல தண்ணி குடிக்கிறதில்லம்மா. ஆயில்தான்."

நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் டீ வாங்கப் போனான்.

"நான் எடுத்தது இருபத்திரண்டு வீடுதான்," என்றாள். "பாட்டிலை லேப் ஜன்னல்ல குடுப்போம். அங்க ஒருத்தர், சீசாக்காரர்னுதான் கூப்பிடுவோம், அவர் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு கோட் நம்பர் போட்டு உள்ள வைப்பார். அளக்கும்போது எங்களுக்கு அந்த கோட் மட்டும்தான் தெரியும். எல்லாம் அளந்து முடிச்சப்புறம்தான் எந்த கோட் எந்த வீடுன்னு லிஸ்ட் தருவார். அந்த லிஸ்ட் வந்தப்பதான் பாத்தேன். ஒரு வீடு அதிகமா இருந்துது."

"அப்புறம்?"

"ஏதோ ஒரு வீட்ல ரெண்டு தடவை எடுத்து, தூக்கக் கலக்கத்துல நம்பர மாத்தி எழுதிட்டேன்னு நினைச்சேன்."

"யார்கிட்ட சொன்ன?"

அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"தீசிஸ் டிராஃப்ட்லேர்ந்து அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டேன். தீசிஸ்ல இருபத்திரண்டுதான் இருக்கு." குரல் மெலிந்தது. "வேற எதையும் தொடல சித்தப்பா. சத்தியமா."

"ஒரு வரியை மறைச்சவ மத்த வரியை மாத்தமாட்டான்னு எவன் நம்புவான்? வந்து கேட்டிருக்க வேண்டியதுதானே. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. அந்த முறைப்பு என் அண்ணனுடையது; என்னுடையதும்கூட.

"நம்ம வீட்ல யாராவது 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல."

மூன்று டீயோடு திரும்பிய மச்சினன் சத்தமில்லாமல் அவற்றை மேசையில் வைத்தான். அவன் வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. அதுவே எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

மணி ஒன்றரை. பட்டியலை வெளியே எடுத்து மேசையில் விரித்தேன். பாட்டில்களை வாங்கி வைத்தவன் ஒருவன் இருக்கிறான். இருபத்து மூன்று என்று எழுதியது அவன் கை. ஒரு மனிதன் இருபத்திரண்டை இருபத்து மூன்றாக எண்ணினான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

"அந்த சீசாக்காரர் எங்கே?"

"ரெண்டு மாசம் முன்னாடி ரிட்டயர் ஆயிட்டார். முப்பது வருஷம் அந்த ஜன்னல்லதான் இருந்தார்."

"விலாசம்?"

"பேசவே மாட்டார் சித்தப்பா. பாட்டிலைத் துடைக்காம குடுத்தா முறைப்பார், அவ்வளவுதான்."

"முறைக்கிறவங்க நமக்குப் புதுசா?" என்றான் மச்சினன், என்னைப் பார்த்து.

*

மச்சினனின் கார் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் நான்தான் தள்ளினேன். சீசாக்காரர் வீட்டை அடைந்தபோது மணி இரண்டரை.

ஓட்டு வீடுகள் வரிசையில் கடைசி வீடு. முன்னறையில் ஒரு பெரிய மீன் தொட்டி. அதற்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு ஒல்லி மனிதர். நான் யாருடைய சித்தப்பா என்று சொன்னதும் கையை வெளியே எடுத்தார்.

"கண்டுபிடிச்சுட்டாளா? அஞ்சு மாசம் ஆச்சே."

"எதை?"

"பதினாலாம் நம்பரை."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் சொல்லாமலே நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. பிறர் வீட்டில் அப்படி உட்காருகிற வழக்கம் எனக்கு இல்லை.

"அது என் வீடு," என்றார் சீசாக்காரர். "நான் கட்டினது. முதல் தடவை சாம்பிள் எடுத்துட்டு வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இல்லாத வீடு கட்டுவேன். சுத்தத் தண்ணியில அளந்து ஈயம் போடுவேன். ரெண்டு பாட்டில், மத்தது மாதிரியே. எவ்வளவு போட்டேன்னு எங்க பழைய தலைவர், ப்ரொபசர், எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்து வைப்பார். தீசிஸ் குடுக்கிற அன்னிக்குத்தான் பிரிப்போம். அந்தப் பிள்ளை அளந்தது சரியா, மிஷின் சரியான்னு தெரிஞ்சுடும்."

"மாணவர்களுக்கு இது தெரியாதா?"

"பாஸ் பண்ணிப் போனவங்களுக்குத் தெரியும். வெளிய சொல்ல மாட்டாங்க. தான் பட்டதை அடுத்தவனும் படட்டும்னு ஒரு நல்ல எண்ணம்."

"எனக்கு இவரை ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தான்," என்றான் மச்சினன்.

சீசாக்காரர் துண்டால் கையைத் துடைத்தார். "ஒரு வீடு அதிகமா இருக்கேன்னு ஒரு வாரத்துல ஜன்னலுக்கு ஓடி வருவாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஒரு பிஸ்கட் குடுப்பேன். உங்க பொண்ணு வரல. நல்லாப் படிக்கிற பொண்ணு, ஏன் வரலன்னு எனக்கு மனசே ஆறல."

என் தலை குனிந்தது. குனிந்த தலைக்குள் ஏதோ ஒன்று உரசியது.

"ரெண்டு பாட்டில்னு சொன்னீங்க."

"ஆமா. ஒண்ணு அளக்க. ஒண்ணு குளிர் அறைக்கு."

"அந்த ரெண்டாவது பாட்டில்ல ஈயம் இருக்கும்."

"போட்டிருக்கேனே, எங்க போகும்? சொட்டு ஆசிட் விட்டுத்தான் மூடுவோம். ஆறு மாசம் அசையாது."

பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். விரலை வரி வரியாக இறக்கினார். பதினான்கில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தார்.

"ஈயம் இல்லைன்னு போட்டிருக்கு," என்றார். "இது என் பாட்டில் இல்ல."

மச்சினன் தொட்டியை விட்டு நகர்ந்து பட்டியலை எட்டிப் பார்த்தான்.

"அப்போ," என்றான் மச்சினன் மெதுவாக, "இல்லாத வீட்டுக்கும் ஒருத்தன் புதுத் தண்ணி ஊத்தியிருக்கான்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் நடந்தேன். குளிர் அறையில் இருந்த பாட்டில்கள் அத்தனையும் மாற்றப்பட்டிருக்கின்றன. மாற்றியவர் ஸ்டிக்கர் தவறாமல், எண் தவறாமல், இருபத்து மூன்றையும் கவனமாக மாற்றியிருக்கிறார். அந்தக் கவனம்தான் அவரைக் காட்டிக் கொடுக்கிறது. தெருவில் ஒருமுறை நடந்தவருக்குப் பதினான்கு இல்லை என்று தெரியும். இந்தத் துறையில் படித்துத் தேறியவருக்கு அது பொறி என்று தெரியும். ஆக, தெருவையும் பார்க்காதவர், இங்கே படிக்காதவர்.

"குளிர் அறைச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"ப்ரொபசர்கிட்ட ஒண்ணு. அவருக்கு நெஞ்சு ஆபரேஷன், மூணு மாசமா படுக்கை. என்கிட்ட ஒண்ணு. ரிட்டயர் ஆன அன்னிக்கு அதைப் பொறுப்புத் தலைவர்கிட்ட ஒப்படைச்சேன். அவர் நாலு மாசம் முன்னாடிதான் வேற ஊர்லேர்ந்து வந்தார்."

"இந்தப் பழக்கத்தை அவர்கிட்ட சொல்லலையா?"

"அவர் கேக்கலையே. ஜன்னல்ல இருக்கிறவன்கிட்ட அவர் பேசமாட்டார்."

மச்சினன் விரலைச் சொடுக்கினான். "அத்தான், அந்தப் பட்டறை கேட்ல தொங்கிச்சே, நன்னடத்தைச் சான்றிதழ். கையெழுத்துக்குக் கீழ என்ன போட்டிருந்துது?"

கண்ணை மூடினேன். முத்திரை நினைவுக்கு வந்தது. துறைத் தலைவர், பொறுப்பு. தெருவைப் பார்க்காமலே பட்டறைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"அந்தக் கவர் எங்கே?" என்று கேட்டேன்.

"தீசிஸ் குடுக்கிற வரைக்கும் நான் வெச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு, சீசாக்காரர் பீரோவைத் திறந்தார். "ரிட்டயர் ஆனா என்ன, அவ இன்னும் குடுக்கலையே."

*

விசாரணை அறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நாலாக ஐந்து நிமிடம். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னேன். அவள் முகத்தில் இரத்தம் திரும்பியது.

"ஆனா முதல்ல நீ பேசணும்," என்றேன். "அந்த வரியை எடுத்ததை உன் வாயால சொல்லணும். கவர் அதுக்கப்புறம்தான்."

"சொன்னா, அதுக்கே வெளிய அனுப்பலாம் சித்தப்பா."

"அனுப்பலாம்."

"அப்பா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நீள மேசை. குழுவின் தலைவி வேறு துறையிலிருந்து வந்த நரைத்த பேராசிரியை. ஒரு பக்கம் பொறுப்புத் தலைவர், கசங்காத சட்டையில். காப்பாளன் என்று சொல்லி எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. சீசாக்காரரும் மச்சினனும் கதவருகே நின்றார்கள்.

அண்ணன் மகள் எழுந்தாள். இயந்திரம் கொடுத்த அசல் தாளை மேசையில் வைத்தாள். "இதுல இருபத்து மூணு அளவு இருக்கு. தீசிஸ்ல இருபத்திரண்டுதான் இருக்கு. பதினாலாம் எண்ணை நான் எடுத்துட்டேன். என் தப்புன்னு நினைச்சு, கேக்க வெட்கப்பட்டு, யாருக்கும் சொல்லாம எடுத்துட்டேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

பொறுப்புத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு மேல விசாரணை எதுக்கு? பிடிக்காத அளவை எடுக்கிற கைதானே, பிடிச்ச அளவைப் போடும்."

"ஒரே ஒரு கேள்வி ஐயா," என்றேன். "வெளியூருக்கு அனுப்பின பாட்டில்களைக் குளிர் அறையிலிருந்து எடுத்தது யாரு?"

"நானே. வேற யாரையும் தொடவிடல."

"பதினாலாம் எண் உட்பட?"

"இருபத்து மூணும். முத்திரை ஒண்ணுகூட உடையல. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அந்தப் பதினாலாம் எண் வீட்டுத் தண்ணியும் சுத்தம்."

"சுத்தம்."

"நன்றி," என்று சொல்லிக் கதவைப் பார்த்தேன்.

சீசாக்காரர் முன்னால் வந்தார். முப்பது வருடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கமே நின்றவர், அந்தக் கம்பளத்தை மிதிக்கக் கூசினார். கவரைத் தலைவியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். தலைவி குறுக்குக் கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பிரித்தார்.

"கதவு எண் பதினாலு," என்று படித்தார். "இப்படி ஒரு வீடு இல்லை. சோதனைக்காக வைத்த பாட்டில்கள், இரண்டு. ஈயம், லிட்டருக்கு ஐம்பது மைக்ரோகிராம்." பிறகு இயந்திரத் தாளை இழுத்தார். "இந்தப் பொண்ணு அளந்தது நாற்பத்தொன்பது புள்ளி எட்டு."

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"ஐம்பது போட்டு மூடிய பாட்டில்," என்றார் தலைவி, பொறுப்புத் தலைவரின் பக்கம் திரும்பாமலே, "உங்க கைக்கு வந்தப்ப எப்படி சார் சுத்தமாச்சு?"

அவர் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

"பயப்படாம குடிங்க சார்," என்றான் மச்சினன் கதவிலிருந்து. "இது அந்தத் தெருத் தண்ணி இல்ல."

அடுத்த அரை மணி நேரத்தில் குளிர் அறை சீல் வைக்கப்பட்டது. சாவி தலைவியின் கைப்பைக்குப் போனது. பொறுப்புத் தலைவர் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கசங்காத சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அண்ணன் மகள்மேல் இருந்த குற்றச்சாட்டு விழுந்தது. ஆனால் வரியை மறைத்ததற்காக அவள் தீசிஸ் இந்தப் பருவத்தில் ஏற்கப்படாது. தெருவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்து அளக்க வேண்டும்.

"நாளைக்கே ஆரம்பிக்கிறேன் மேடம்," என்றாள்.

வெளியே வந்ததும் சீசாக்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பிஸ்கட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "அஞ்சு மாசம் லேட்டு," என்றார்.

காரில் ஏறும் முன் மச்சினன் தையல்கார அம்மாவுக்குப் போன் செய்தான். கிண்டல் இல்லாத குரலில் பேசினான். "குடிக்காதீங்கம்மா. சமைக்கவும் வேண்டாம். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு நாங்க வர்றோம்."

*

அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் காணாமல் போயின. அண்ணன் மகள் எனக்குப் பின்னால், வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"கலந்தாளா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல. வேற ஆளைப் பிடிச்சாச்சு."

"அப்போ அவ தப்பே பண்ணல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். முப்பது வருடத்தில் நான் அவரிடம் வேறு மாதிரி பதில் சொன்னதும் இல்லை.

"பண்ணினா," என்றேன். "ஒண்ணை மறைச்சா. இன்னிக்கு எழுந்து நின்னு சொன்னா."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும். அவ வாயாலயே."

 அண்ணன் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எழுந்தார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், பாதி மூடியிருந்த கதவை முழுக்கத் திறந்தார். அவள் செருப்பைக் கழற்றி உள்ளே வரும்வரை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.